கை முணுமுணுத்தபோது

முதலில் கண்டுபிடித்தவன் அவள் கணவன்தான்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், வரும்போது சோப்பு வாங்கிக்கொண்டு வரும்படி அவள் கையால் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே அவளுடைய வலது கையைப் பார்த்தான். கிட்டே வந்து தன் சுண்டுவிரலை மடக்கிக் காட்டினான்.

"இது ஏன் தூங்குது?"

"எது?"

"உன் சுண்டுவிரல். மத்ததெல்லாம் எழுந்து பேசுது, இது மட்டும் குனிஞ்சே இருக்கு. கொஞ்ச நாளாவே நீ மழலை பேசுற."

அவள் சிரித்தாள். சோப்பை மறந்துடாதே என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

அவன் பிறவியிலேயே காது கேளாதவன். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை. அந்தக் கூடத்து இரைச்சலில் மற்றவர்கள் தலைவலி என்று புலம்பும்போது, முதலாளி தனக்கு மட்டும் தனி அறை கொடுத்திருக்கிறார் என்பான். அவளுக்குக் காது கேட்கும். காது கேளாதவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவில் நின்று சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்வது அவள் தொழில். மருத்துவமனை, வங்கி, நீதிமன்றம், எங்கே கூப்பிட்டாலும் போவாள். நீதிமன்றத்தில் அவளைக் கைப்பேச்சம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவளும் கணவனும் பேசும் சைகையில் 'ங்க' போட்டுப் பேச வழியில்லை. அதனால் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் புருஷனை நீ, வா, போ என்று கூச்சப்படாமல் பேசும் ஒரே மருமகள் அவள்தான்.

அவளுக்குக் கைதான் நாக்கு. அன்று பேருந்தில் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்திச் சுண்டுவிரலை நிமிர்த்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் அது மறுபடி குனிந்தது. இறங்கும் இடம் வருவதற்குள் எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

இதற்கான காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் முன்கையில் வெளுத்த தேமல் போல ஒன்று தெரிந்தது. சுடுபாத்திரம் பட்டுக் கொப்பளித்தும் அந்த இடத்தில் எரிச்சலே இல்லை. தோல் மருத்துவர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். தோலில் ஒரு துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "தொழுநோய்தான். பயப்படாதீங்க, சீக்கிரமே வந்துட்டீங்க. மாத்திரையிலேயே சரியாயிடும். மாத்திரை ஆரம்பிச்சாச்சுன்னா உங்ககிட்டேயிருந்து யாருக்கும் ஒட்டாது" என்றார். கூடவே வேறொன்றும் சொன்னார்: படை திடீரென்று சிவந்து வீங்கினாலோ, கை காலில் பலம் குறைந்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். இப்படிப்பட்ட வாக்கியங்களை எத்தனையோ நோயாளிகளுக்கு அவள் கையால் சொல்லியிருக்கிறாள். தனக்கென்று வந்தபோது அது வழக்கமாகச் சொல்கிற பேச்சு என்று காதோடு போய்விட்டது.

கணவனிடம் அன்றே சொல்லிவிட்டாள். அக்காவிடமும் சொன்னாள். அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அவசரம். குறிப்பிட்ட தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே பிறந்தவள். அதற்குப் பிறகும் எதற்கும் காத்திருந்ததில்லை. தையல் கடை வைத்திருக்கிறாள். அளவெடுக்கும்போதே துணியை வெட்ட ஆரம்பித்துவிடுவாள் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். சுண்டுவிரல் குனிந்த அந்த வாரமே அவள் வீட்டுக்கு வந்தாள், தங்கையின் கையைப் பிடித்துத் திருப்பினாள். வெளுத்துக் கிடந்த படை இப்போது விளிம்பெல்லாம் தடித்து, பழுத்த தக்காளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. தொட்டால் சுட்டது.

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இது இப்படியா இருந்துச்சு?"

"இல்ல."

"சத்தம் போடாம ஒரு ஓரமா கிடந்துச்சு. இப்போ பாரு. மருந்து உனக்கு ஒத்துக்கலடி. விஷமா ஏறுது."

"டாக்டரைக் கேட்கணும்க்கா."

"கேளு. யாரு வேண்டாம்னா? கேட்கற வரைக்கும் நிறுத்து."

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. மாத்திரை போடாதபோது நன்றாக இருந்த கை, போட்ட பிறகு கெட்டுப்போனால் வேறென்ன அர்த்தம்? அவள் நிறுத்தினாள். கணவன் கேட்டால் சண்டை வரும் என்று, தினமும் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கிக் குப்பையில் போட்டாள். மருத்துவரிடம் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். போனால் இன்னும் மோசமாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம். முழங்கையின் உள்பக்கம் விண்விண் என்று தெறித்தது. அங்கே கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்பாள், பால் பொங்கி வழியும். படை வடியவில்லை. விரலும் எழவில்லை. மோதிர விரலும் இப்போது லேசாகச் சாயத் தொடங்கியிருந்தது.

அந்த நிலைமையில்தான் நீதிமன்ற வேலை வந்தது.

ஒரு வாடகை வீட்டுக் கதவை உடைத்து, சாமான்களைத் தெருவில் எறிந்த வழக்கு. வீட்டில் இருந்தவள் சலவைக் கடையில் இஸ்திரி போடும் பெண், காது கேளாதவள், அவள்தான் முக்கிய சாட்சி. வந்தவர்கள் நாலு பேர், நாலாவது ஆள் வீட்டுக்காரரே என்பது அவள் வாக்குமூலம். மூன்று பேர்தான் போனார்கள், தான் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வீட்டுக்காரர் கட்சி. ஆக வழக்கே அந்த ஒரு ஆள் மேல்தான் நின்றது.

வீட்டுக்காரருடைய வக்கீல் எழுந்தார். "அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தது நாலு பேருதானா?"

அவள் கையைத் தூக்கி நாலு என்று காட்டிக் கேட்டாள். சாட்சி அந்தக் கையை உற்றுப் பார்த்தாள், இல்லை என்று தலையசைத்தாள்.

"இல்லை" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லும்போதே நெஞ்சில் ஏதோ இடறியது.

வக்கீல் திரும்பி நீதிபதியைப் பார்த்தார். "அப்போ மூணு பேருதான் வந்தாங்க, இல்லையா?"

அவள் மூன்று என்று காட்டினாள். சாட்சியின் முகம் சுருங்கியது. இப்போதுதானே இதைக் கேட்டாய் என்பது போல அவளைப் பார்த்து, மறுபடியும் இல்லை என்றாள்.

"நாலும் இல்லையாம், மூணும் இல்லையாம்" என்றார் வக்கீல். "சாட்சிக்கு எண்ணவே தெரியாது போலிருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல். சுண்டுவிரல் உள்ளங்கைப் பக்கம் சுருண்டு கிடந்தது. நாலும் மூன்றும் அந்தக் கையில் ஒரே மாதிரிதான் இருந்தன.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிரே இஸ்திரிக்காரப் பெண் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஐயா" என்றாள் நீதிபதியிடம். "சாட்சி சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

"புரியல."

அவள் கையைத் தூக்கினாள். "இது நாலு. உங்களுக்கு எத்தனை தெரியுது?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "மூணேகால்" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "கையில என்ன?" என்றார்.

"விரல்ல பலம் இல்ல. தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்." நிறுத்தினாள். "சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. மேசை ஓரத்தில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளரை, வழக்குக் கட்டுகளைக் கவனிக்கும் பேஷ்கார் இரண்டு விரலால் நகர்த்தி வைத்தார். நீதிபதி அதைப் பார்த்தார். அந்த இரண்டு கேள்விகளையும் பதில்களையும் நீக்கச் சொன்னார், வேறு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வழக்கைத் தள்ளிவைத்தார். "நீங்க வீட்டுக்குப் போகாதீங்க. நேரா டாக்டர்கிட்ட போங்க" என்றார்.

தாழ்வாரத்தில் இஸ்திரிக்காரப் பெண் அவளை மறித்தாள். அழப்போகிறாள் என்று இவள் நினைத்தாள். அவளோ கோபமாக இருந்தாள்.

"காலையிலேர்ந்தே உன் கை முணுமுணுக்குது. கேட்டா கோவிச்சுக்குவியோன்னு விட்டேன். என் தலையிலே கல்லைப் போடப் பார்த்தியே."

"மன்னிச்சுக்கோ."

"போ, போய் வைத்தியத்தைப் பாரு."

கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் அச்சகத்து மையும் காகிதத் தூளும் ஒட்டிய கையோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டான். மருத்துவர் முழங்கையின் உள்பக்கத்தில் விரலை வைத்து லேசாக உருட்டினார். அவள் நாற்காலியிலிருந்து எகிறினாள்.

"இந்த நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கு" என்றார் மருத்துவர். ஒரு காகிதத் துண்டை எடுத்து அவள் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வைத்தார். "இறுக்கிப் பிடிங்க." இழுத்தார். வெண்ணெயிலிருந்து வருவது போலக் காகிதம் நழுவி வந்தது. நாளெல்லாம் காகிதத்தோடு கிடப்பவன் அதைப் பார்த்து முகம் மாறினான்.

"மருந்து உங்களைக் கெடுக்கல" என்று மருத்துவர் ஆரம்பித்தார். "மருந்து வேலை செஞ்சதாலதான் இது."

அவள் கணவனுக்குச் சொல்லத் தொடங்கினாள். யாருக்கோ மொழிபெயர்ப்பது போலத்தான் கை எழுந்தது.

"நம்ம உடம்புல காவலுக்குன்னே செல்கள் இருக்கு. ஒரு வகை, வர்ற கிருமியை விழுங்கிடும். ஆனா இது ரொம்ப நைசான கிருமி. விழுங்கின செல்லுக்குள்ளேயே குடித்தனம் போட்டுடும். அந்தச் செல்லால கிருமியை செரிக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அதே மாதிரி நரம்பைச் சுத்தி இருக்கற உறை செல்லுக்குள்ளேயும் புகுந்துக்கும். மத்த காவல் செல்களுக்கு இது இருக்கறதே உறைக்காது. வருஷக்கணக்கா."

அவள் இடது முன்கையை நரம்பாக நீட்டி வைத்துக்கொண்டாள். வலது கை விரல்களைக் குவித்து அதற்குள் நுழைத்துக் காட்டினாள். சுண்டுவிரல் ஒத்துழைக்காததால் கிருமி கொஞ்சம் கோணலாகவே குடிபுகுந்தது.

"இப்போ மருந்து கிருமியைக் கொல்லுது. செத்தது உடைஞ்சு சிதறுது. அந்தத் துணுக்கைப் பார்த்ததும் டி செல்னு ஒரு வகை முழிச்சிக்கும். முழிச்சதும் சும்மா இருக்காது, ஊரையே கூட்டும். எல்லாம் ஒண்ணா வந்து அடிக்க ஆரம்பிக்கும். தோல்ல அடிச்சா சிவக்கும், வீங்கும், அது ஆறிடும். நரம்புக்குள்ள அடிச்சாதான் ஆபத்து. முழங்கையில நரம்பு ஒரு குறுகலான வழியில போகுது. இடிச்சா சுரீர்னு ஓடுமே, அதே இடம். வீங்க இடம் கிடையாது. நரம்பு நசுங்குது."

அவள் வலது கையின் ஐந்து விரல்களையும் இடது முன்கை மேல் இறக்கினாள். அடித்தாள். வீங்குவதைக் காட்டினாள். நசுங்குவதைக் காட்டினாள். மருத்துவர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது, அடிபடுவதாகத் தான் காட்டிக்கொண்டிருப்பது யாருடைய நரம்பு என்று.

கணவன் கேட்டான்: "கிருமி செத்துப்போச்சுன்னா அப்புறம் யாரை அடிக்குது?"

அவள் குரலில் கேட்டாள். மருத்துவர் சொன்னார்: "துணுக்கு ரொம்ப நாள் கிடக்கும். அது கிடக்கற வரைக்கும் காவலுக்குச் சந்தேகம் தீராது."

"எங்க மேனேஜர் மாதிரி" என்றான் அவன். "திருடன் தப்பிச்சுப் போனப்புறம் இருக்கறவங்க பையையெல்லாம் கொட்டிப் பார்ப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவருக்கு அதைச் சொன்னாள், அவரும் சிரித்தார். பிறகு சீட்டு எழுதிக்கொண்டே, "இந்தச் சண்டையை அடக்க ஸ்டீராய்டு தர்றேன். பல மாசம் ஆகும், நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன். நீங்களா நிறுத்தவே கூடாது. கிருமிக்கான மாத்திரையும் கூடவே தொடரணும். அதை ஒழுங்கா சாப்பிடறீங்க இல்ல?" என்றார்.

அவள் மெல்ல, "ஒரு வாரத்துக்கு மேலே ஆச்சு. நிறுத்திட்டேன். மருந்தாலதான் இப்படின்னு நினைச்சேன்" என்றாள்.

"நிறுத்தினா சண்டை நிக்காதும்மா. கிருமிக்குத்தான் லீவு."

கணவன் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன சொன்ன?"

அறைக்குள் பேசுகிற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ஒன்றையும் விழுங்கக்கூடாது. இத்தனை வருடத்தில் அந்த விதியை அவள் மீறியதில்லை. வேறு எதையாவது சொல்லிவிடலாமா என்று கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. சொன்னாள். நிறுத்தியதை, தினமும் மாத்திரையைப் பிதுக்கிக் குப்பையில் போட்டதை, எல்லாவற்றையும்.

அவன் பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான். காது கேளாதவனோடு சண்டை போட்டவர்களுக்குத்தான் அது தெரியும். முகத்தைத் திருப்பிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது, கத்தியும் பயனில்லை. வீடு வரும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தான்.

அதன் பிறகு வந்த வாரங்கள் அவளைப் பாடாய்ப் படுத்தின. வலது கையில் முழங்கை மடங்காமல் கட்டு. ஸ்டீராய்டு உடம்புக்குள் போனதும் வலி இறங்கியது, அதற்குப் பதிலாக ஒரு பரபரப்பு ஏறியது. பசி அடங்கவில்லை. தூக்கம் துண்டு துண்டாக வந்தது. அடுக்களை அலமாரியை இடது கையால் ஒழித்துத் துடைத்து அடுக்குவாள், சாயங்காலம் பிடிக்காமல் மறுபடி கலைப்பாள். சொல்ல ஆயிரம் இருந்தது, சொல்வதற்கு ஒரு கைதான் இருந்தது. ஒற்றைக் கையால் பேசினால் பாதி வார்த்தை போய்ச் சேரவில்லை. சேர்ந்ததையும் அவன் பார்த்தும் பார்க்காமலும் இருந்தான். தன் உடம்பின் காவல் செல்கள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் தூங்கினீர்கள், இப்போது யார் உங்களை இவ்வளவு வேகமாக அடிக்கச் சொன்னது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். அச்சகத்து இயந்திரத்தில் வெட்டிய துண்டுகள். பட்டுத்தாள் முதல் கெட்டி அட்டை வரை, ஒவ்வொரு கனத்திலும் ஒன்று, எல்லாம் ஒரே அகலம், விளிம்பு ஊசி போல நேர். மருத்துவமனையில் விரலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் கேட்டது வெறும் காகிதம்தான். அவன் கெட்டி அட்டையை அவள் விரல்களுக்கு நடுவே செருகி, மறுமுனையைப் பிடித்தான்.

"பிடி."

அவள் பிடித்தாள். அவன் இழுத்தான், வந்துவிட்டது.

"மறுபடி."

"இன்னும் கோபமா?"

"ஆமா. பிடி."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் இந்த இழுபறி. கெட்டி அட்டையைப் பிடிக்க வந்தது, பிறகு மெல்லிய அட்டை, பிறகு சாதாரணக் காகிதம். பட்டுத்தாள் மட்டும் கடைசிவரை நழுவியது. ஸ்டீராய்டின் அளவு குறையக் குறைய உள்ளே இருந்த பரபரப்பும் தணிந்தது. மோதிர விரல் முழுதாக நிமிர்ந்தது. சுண்டுவிரல் முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. "இதுக்கு மேல வரலாம், வராமலும் போகலாம். சண்டை திரும்ப வந்தா அன்னைக்கே வாங்க" என்றார் மருத்துவர். இந்த முறை அது காதோடு போகவில்லை.

கட்டுப் போட்டிருந்த காலத்தில் இடது கை பேசப் பழகியிருந்தது. இனி எண்களை அந்தக் கையால்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டாள். உனக்கு வெளியூர் உச்சரிப்பு வந்துவிட்டது என்றான் கணவன். அந்த வழக்கில் வேறு மொழிபெயர்ப்பாளர் வந்தபோது, இஸ்திரிக்காரப் பெண் நாலு விரலையும் நீதிபதி முகத்துக்கு நேரே நீட்டி, நாலாவது ஆளையும் கை நீட்டிக் காட்டினாள். வீட்டுக்காரருக்கு எதிராகத் தீர்ப்பானது. நீதிமன்றத்திலிருந்து அவளுக்கு அழைப்பு கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு வந்தது. பேஷ்கார் மட்டும் இன்னும் தாளை ஓரத்தில் பிடித்துத்தான் நீட்டுகிறார்.

நெருங்கிப் பழகுகிறவர்களையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவனுக்கு ஒன்றுமில்லை. அக்கா மட்டும் கடையில் வேலை, கால் வலி, மழை என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தட்டிக் கழித்தாள். மருந்தை நிறுத்தச் சொன்னது தான்தான் என்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது என்று தங்கைக்குத் தெரியும். ஒரு நாள் கடைக்கே போய், கத்தரிக்கோலைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

மருத்துவர் கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சு படற இடத்தைத் தொட்டுக் காட்டுங்க."

"தெரியுது" என்றாள் அக்கா.

"இன்னும் தொடவே இல்லையே."

"தெரியுது, தெரியுது. இதோ இங்கே." வெறும் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

மருத்துவர் பஞ்சைப் பிடித்தபடி காத்திருந்தார். மூடிய கண்ணிமைகளுக்குக் கீழே விழிகள் அங்குமிங்கும் ஓடின. தங்கை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்காவின் முழங்காலில் கை வைத்தாள்.

"மெதுவாக்கா. யாரும் எங்கேயும் போகல."

அக்கா மூச்சை விட்டாள். பஞ்சு அவள் மணிக்கட்டில் பட்டது. இந்த முறை அவசரப்படாமல், சரியான இடத்தில், அவள் விரலை வைத்தாள்.